நாவலப்பிட்டி வைத்தியம்

ஹபீலை எங்கள் அலவத்துகொடயில் யாரும் மடையன் என்று சொல்வதில்லை. மடையனாக இருந்தால் நாலு பேரிடம் கேட்டுச் செய்வான். இவன் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிற ரகம்.

கல்யாணம் முடித்துப் போன தெல்தெனியவில் அவன் இருந்து தின்றது மனைவி மஸீனாவின் தோட்டத்தில். அவளுடைய வாப்பா விட்டுப்போன முந்நூறு கொக்கோ மரங்கள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அவ்வளவுதான். முள்முருங்கை நிழலில் அவை தம்பாட்டில் காய்த்தன. கதிரையைப் போட்டு உட்கார்ந்து அவற்றை மேற்பார்வை பார்ப்பது ஹபீலின் உத்தியோகம்.

முப்பத்தோராம் ஆண்டு சித்திரை முடிய, நாவலப்பிட்டியில் பெரியவாப்பாவின் மகன் முஹ்ஸின் வீட்டுக்குப் போனான். அங்கே வானம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் கொக்கோக் காய்கள் கறுத்து அழுகியதால், முஹ்ஸின் நிழல் மரங்களை வெட்டி வெயில் விட்டிருந்தார். அழுகல் நின்றுவிட்டது. ஹபீல் ஒரு நாள் பார்த்தான். மேதைக்கு ஒரு நாள் போதாதா?

வந்ததும் கோடாலியை எடுத்தான். நமது தோட்டத்தில் அழுகலே இல்லையே என்று மஸீனா கேட்டாள். வருமுன் காப்பதுதான் கெட்டித்தனம் என்றான். தோட்டத்தில் வேலை செய்த பேச்சியம்மாவுக்கும் மனம் கேட்கவில்லை.

“அங்க பேயிற மழ இங்க வராதுங்க மொதலாளி. இனிமே ஐப்பசி வரைக்கும் வெயிலுதான்.”

புல்லு வெட்டுகிறவள் வானத்தைப் படிக்க வேண்டாம் என்றான் அந்த வானசாஸ்திரி. முள்முருங்கைகளைக் கிணற்றடி வரை வெட்டி வந்தபோதுதான் மஸீனா குறுக்கே நின்று, கோடாலியைப் பறித்துத் தன் சீதன அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாவலப்பிட்டியில் கொட்டுகிற அதே காற்று, மலையைத் தாண்டி எங்களிடம் வெறுங்கையோடுதான் வரும். ஆனியில் கொக்கோ இலைகள் சுருண்டன. ஆடியில் பட்டை வெடித்தது. நிழல் போன இடத்தைப் பார்த்துக் கொசு மாதிரிப் பூச்சி வந்து, மிஞ்சிய காயையெல்லாம் குத்திக் கரும்புள்ளி வைத்தது. ஹபீல் கண்ணூறு என்றான். தண்ணீர் ஓதி வாங்கித் தெளித்தான். ஆவணியில் கிணற்றடி நாற்பது மரம்தான் உயிரோடு நின்றது. அவர்களைப் பார்க்கப் போன அன்று மஸீனா அழுததை நான் பார்த்தேன். அவனை அடிக்கலாம் போலிருந்தது.

ஐப்பசி மழையோடு அவளும் பேச்சியம்மாவும் கிணற்றடி முள்முருங்கையின் கொப்புகளை வெட்டித் தோட்டமெங்கும் ஊன்றினார்கள். நிழல் பிடித்ததும் புதுக் கன்று வைத்தார்கள். ஹபீல் கதிரையில் இருந்தான்.

நாலு வருஷம் கழித்து முஹ்ஸின் வந்து, காய்த்து நின்ற தோட்டத்தைப் பார்த்து அசந்துபோனார். ஊரான் கோழியை அறுத்து உம்மா பேரில் கத்தம் ஓதி நன்மை தேடுகிறவன் சும்மா இருப்பானா? நாவலப்பிட்டி வேறு, தெல்தெனிய வேறு, இங்கே நிழல்தான் உயிர், அதை அறிந்துதான் வைத்தேன் என்று எல்லாம் தெரிந்த என் முன்னாலேயே விளக்கினான்.

தேத்தண்ணி கொண்டுவந்த மஸீனா கோப்பையை முஹ்ஸினிடம் நீட்டினாள்.

“கோடாலி இன்னம் என்ட அலுமாரிலதான் ஈக்கி நாநா. தொறப்ப இவருக்கிட்ட குடுக்கல்ல.”

முஹ்ஸின் என்னைப் பார்த்தார். ஹபீல் ஒரு வாய் குடித்துவிட்டு, தேத்தண்ணியில் சீனி போதாது என்றான்.