இரண்டாவது பொருள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதிவினைகளின் வகைகளை நடத்துவதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. இரண்டு பொருள் சேர்ந்து ஒன்றானால் சேர்க்கை வினை. ஒன்று உடைந்து இரண்டானால் சிதைவு வினை. ஒன்றைத் துரத்திவிட்டு இன்னொன்று அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டால் இடப்பெயர்ச்சி வினை. பிள்ளைகள் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து விடை எழுதிவிட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்தப் பொருள் என்ன நிறம், எப்படி நாறும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் டியூஷனில் முடிந்ததைச் செய்தே காட்டிவிடுவேன். நாலைந்து கண்ணாடி டம்ளர், சுண்ணாம்பு, முட்டை ஓடு, கழிப்பறை கழுவ வாங்கும் ஆசிட். என் ஆய்வகம் அவ்வளவுதான்.

எங்கள் வீடு ஜெகதாப்பட்டினத்தில், ஓர் ஐஸ் கம்பெனிக்குப் பின்புறம். என் வீட்டுக்காரர் அங்கேதான் மிஷின் ஆபரேட்டராக இருந்தார். குழாய்களுக்குள் ஓடும் அம்மோனியாதான் தண்ணீரைக் கட்டியாக்குகிறது. வெளியே கசிந்தால் ஆளையே முடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் முதலில் தெரியும். "எனக்கு எதுக்கு மீட்டரு? மூக்கு இருக்குல்ல" என்று பெருமையடித்துக்கொள்வார். முதலாளியும் அந்த மூக்கை நம்பித்தான் மிஷினை அவரிடம் விட்டிருந்தார்.

அந்த வாரம் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. எல்லை தாண்டியதாக ஊர் மீனவர்கள் சிலரை இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போயிருந்தது. அவர்கள் வரும்வரை தொழிலுக்குப் போவதில்லை என்று எல்லாரும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். ஐஸ் ஏற்ற வண்டி வரவில்லை, கம்பெனிக்கு ஆளும் வரவில்லை. மிஷினை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்று இவர் மட்டும் தனியாகப் போய் உட்கார்ந்திருந்தார். எந்நேரமும் கூச்சலாக இருக்கும் தெருவில் அன்று காக்கைகள்கூடக் கத்தவில்லை.

சாயங்காலம் ஐந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். முட்டை ஓட்டில் ஊற்றிக் காட்டலாம் என்று ஆசிட் பாட்டிலைத் திறந்தேன். அதன் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. மூடினேன், நின்றது. திறந்தேன், மறுபடியும் வந்தது.

"டீச்சர், சன்னல்கிட்ட யாரோ நிக்கிற மாதிரி இருக்கு" என்றான் ஒருவன். உண்மைதான். ஜன்னலோரம் புகை ஆள் உயரத்துக்குத் திரண்டு, கலையாமல் நின்றது. பாட்டிலை உள்மூலைக்குக் கொண்டுபோனேன், குறைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினேன், கூடியது. ஏதோ ஒன்று வெளியே நின்று அந்தப் பாட்டிலை எதிர்பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. அதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா?

"ஆசிட்டுன்னா புகையத்தான் செய்யும். ஈரக் காத்து பட்டா அப்படித்தான். எழுதுங்க" என்றேன். எல்லாருக்கும் கண் எரிந்தது. ஆசிட் நெடி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டோம்.

ஒரு பெண் மட்டும் எழுதவில்லை. "போன வாரமும் இதே பாட்டிலத்தான தொறந்தீங்க? அப்ப இப்படிப் புகையலையே டீச்சர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீயே சொல்லு. இது என்ன வகை?"

அவள் கிண்டலைக் கண்டுகொள்ளவே இல்லை. நிதானமாக யோசித்தாள். "இல்லாத ஒண்ணு புதுசா வருது. அப்பச் சேர்க்கை வினைதான். ஆனா சேர்றதுக்கு ரெண்டு வேணும்ல டீச்சர். பாட்டில்ல ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாவது எங்கிட்டு இருந்து வருது?"

அம்மோனியாவும் ஆசிட்டிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்தால் வெண்புகை. எத்தனை வருடமாகப் போர்டில் எழுதிப்போட்ட சமன்பாடு! ஜன்னலுக்கு வெளியே கம்பெனிச் சுவர் தெரிந்தது.

பிள்ளைகளைப் பையோடு கோயில் பக்கம் விரட்டினேன். அவருக்குப் போன் அடித்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு ஓடினேன். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டேன், இருட்டுக்குள் போகிறவள் டார்ச்சை எடுத்துப் போவது மாதிரி. ஒவ்வோர் அடிக்கும் புகை தடித்துக்கொண்டே வந்தது. மிஷின் ரூம் வாசலில் என் கையே எனக்குத் தெரியவில்லை.

உள்ளே அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் போன். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தன்பாட்டுக்குத் துண்டால் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று தோன்றும். முகத்தில் அழுகை இல்லை. மிஷின் இரைச்சலில் போன் சத்தமும் கேட்டிருக்காது.

"ஏங்க, கேஸு கசியுதுங்க" என்று கத்தினேன்.

என்னைச் சுற்றி இருந்த புகையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கை விடைத்து ஒருமுறை மோந்து பார்த்தார். "ஆமா, லேசா வருது" என்றார்.

லேசா! ஈரத் துண்டுக்குள்ளும் எனக்கு மூச்சு அடைத்தது. அவர் மோந்து பார்க்கவில்லை, மோந்து பார்ப்பதுபோல் நடித்தார். அந்த ஒரு நொடியில் நான் பயந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் பயந்ததில்லை. கசிவைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து.

முகமூடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை என்னிடமிருந்து வாங்கினார். குழாய் குழாயாகக் காட்டிக்கொண்டே போனார். ஒரு வால்வு அருகே புகை குபுகுபுவென்று எழுந்தது. அந்த லைனை அடைத்தார். வெளியே வந்து சுவரோரம் குந்திக்கொண்டு, இருவரும் வெகுநேரம் இருமினோம்.

"எப்ப இருந்துங்க?" என்றேன்.

"கொரோனா வந்தப்பவே மோப்பம் போயிருச்சு. வரும் வரும்னு பாத்தேன், வரல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொதலாளிகிட்டச் சொல்லிறாத. வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலையில் முதலாளி வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இப்போது அவர் அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறார். கடைசி பஸ்ஸில் வருகிறார், தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுகிறார், என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டாம். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும்.