கேடயம் போன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டு வாடியில் நான்கு ஆண்கள் கூடியிருந்து ஒரு மனிதனுடைய காலை முறிக்கத் திட்டம் போட்டதை நான் குசினிக்குள் நின்று கேட்டேன். அந்த மனிதனைத்தான் எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். நால்வரில் ஒருவர் என் ஐயா. இன்னொருவர் என் அண்ணை.

ஊர்காவற்றுறைக்குக் கிட்டக் கடலோரத்தில் எங்கள் ஊர். ஜேர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். பந்தடிக்காத ஆண்பிள்ளை ஊரில் கிடையாது. கடலால் வந்த காலில் உப்புக் காயுமுன்பே கோயில் வெளிக்குப் போய்விடுவார்கள். சப்பாத்து ஒருவருக்கும் இல்லை. பனங்குற்றிகளை நட்டுக் கோல் கட்டி, பின்னால் கிழிந்த வலையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்த வருடம் தீவுப்பகுதிக் கேடயத்துக்கான கடைசி ஆட்டம் எங்களுக்கும் மண்டைதீவுக்கும் வந்தது. ஆளுக்கு ஒரு கோல் அடித்தபடி பொழுது பட்டுவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் ஆடுவது, அதில் வென்றவருக்குக் கேடயம் என்று தீர்த்தார்கள்.

மண்டைதீவுக்கு அந்தக் கோலை அடித்தவர்தான் எனக்குப் பேசியிருந்தவர். பெண்கள் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று பார்ப்போம். அம்மா என் முழங்கையில் கிள்ளி, "அந்த நெட்டையன்தான்" என்றார். அப்போதுதான் அவரை முதல் தரம் கண்டேன். கண்டு கண்ணை எடுப்பதற்கிடையில் எங்கள் கோலுக்குள் பந்தை அடித்துவிட்டார். "அறுவான்" என்று சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் திட்டினார்கள். நானும் வாயை அசைத்தேன். அசைக்காவிட்டால் ஏனென்று கேட்பார்களே.

பேச்சு முடிந்து மூன்று கிழமையாகியிருந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மண்டைதீவுப் பெரியவர்கள் வந்தபோது, வள்ளம் விலைக்குப் பார்க்க வந்தவர்கள் என்று ஐயா சொல்லிவிட்டார். அண்ணைக்குக்கூட அவர் சொல்லவில்லை. அண்ணைதான் எங்கள் பக்கத்தில் பின்னுக்கு நின்று மறிக்கிறவர். அவரைத் தாண்டிப் பந்து போவது அரிது.

"உவனுக்குத் தெரிஞ்சால், மச்சானெண்டு காலைப் பின்னுக்கு எடுத்துப்போடுவான். ஆட்டம் முடியட்டும், பேந்து சொல்லுவம்" என்றார் ஐயா.

"கலியாணம் பெரிசோ, பந்து பெரிசோ?" என்று அம்மா கேட்டார்.

"ரண்டும் பெரிசுதான். பந்து முந்தி வருது."

அதோடு விடாமல், சுவரில் சிலுவையோடு இருந்த பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டு, அண்ணைக்கு மூச்சுவிடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியமும் வாங்கினார். என்னிடம் ஒருவரும் சத்தியம் வாங்கவில்லை. நான் வாய் திறப்பேன் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் சுவாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்பார். என்னிடம் செபங்களும் கேட்டு, சம்மதமும் கேட்டு, பெயரை எழுதி வைத்தாயிற்று. முதல் ஓலையை ஆட்டம் கழிந்த அடுத்த ஞாயிறுதான் வாசிக்க வேண்டும் என்று ஐயா சுவாமியாரைக் கேட்டு ஒழுங்கு செய்திருந்தார்.

ஆட்டத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை பின்னேரம், வாடியில் கூடினார்கள். வாடி என்பது வலையும் கயிறும் வைக்கிற கொட்டில். அதற்கும் எங்கள் குசினிக்கும் இடையில் ஒரு கிடுகுத் தட்டிதான். வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சம்மாட்டியார். ஊரின் பெரிய வலை அவருடையது. மற்றவர் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார். எனக்கு எழுத்துப் படிப்பித்தவரும் அவர்தான். பந்தடிச் சட்டம் முழுவதும் அவருக்குப் பாடம்.

நான் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டுத் தட்டி நீக்கலால் பார்த்தேன். சம்மாட்டியார் மணலைக் கையால் தடவி மட்டமாக்கிப் புளியங்கொட்டைகளைப் பரப்பினார். அவை எங்கள் பெடியள். எதிரில் வைத்த சோகிச் சிப்பிகள் மண்டைதீவு. நெட்டையனுக்கு மட்டும் தன்னுடைய வெற்றிலைப் பையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து நடுவில் வைத்தார்.

சட்டம்பியார் தொடங்கினார். "நாணயம் சுண்டி வெண்டால் முதல் பாதிக்குக் காத்தை எடுக்கவேணும். காத்தோட அடிச்சு முந்தியே ரண்டு கோலைப் போட்டிட்டால்..."

"காத்தை எனக்குப் படிப்பிக்க வாறீரோ, சட்டம்பியார்? உது சோளகக் காத்து. பொழுது சரியச் சரியத்தான் உரக்கும். முதல் பாதி எதிர்க்காத்தில நிண்டு பிடிப்பம். பிற்பாதி பாய் விரிச்சமாதிரிப் போகலாம்" என்றார் சம்மாட்டியார்.

"நிண்டு பிடிக்கேக்கை அவங்கள் மூண்டைப் போட்டால்?"

"போட விடுறதுக்கோ உவனை வளத்து வைச்சிருக்கு?" என்று அண்ணையின் முதுகில் தட்டினார் சம்மாட்டியார்.

"நெட்டையன் ஒருத்தன்தான் கரைச்சல். மற்றதெல்லாம் சூடை மீன்" என்றார் அண்ணை.

"அப்ப அவனை ஓப்சைட்டில விழுத்துவம். சட்டத்தில வழி கிடக்கு."

"உம்மட ஓப்சைட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட அலுமாரிக்கை வையும். போன கிழமை அதை நம்பித்தானே எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு நிண்டனீங்கள்? அவன் உங்கட கையைப் பாக்கேல்லை, கோலைப் பாத்தான்."

ஐயா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதுவரைக்கும் அது வெறும் பந்துக் கதைதான்.

சம்மாட்டியார் ஈர்க்கை முறித்து மணலில் வரிசையாகக் குத்தினார். "களங்கட்டி கட்டுவம்."

களங்கட்டி எங்கள் கடலில் மீன் பிடிக்கிற வகை. ஆழமில்லாத தண்ணீரில் தடி நட்டுத் தட்டி கட்டி, மீனுக்கு ஒரு வழியை மட்டும் விடுவார்கள். வழி கிடக்கிறதென்று மீன் தானாகப் போய்க் கடைசி அடைப்புக்குள் விழும். பிறகு அதற்குத் திரும்பத் தெரியாது.

"நடுவையும் கோயில் பக்கத்தையும் இறுக்கி மறியுங்கோ. கடற்பக்கத்தைத் திறந்து விடுங்கோ. அவன் வழி கிடக்கெண்டு வருவான். வந்து இஞ்சை, கல்லுப் பார் கிளம்பின மூலைக்கை விழுவான். அதுக்கை நீ நிக்கிறாய்."

"நிண்டு பந்தை எடுக்கிறதோ?" என்றார் சட்டம்பியார்.

"பந்து என்னத்துக்கு? பந்தை எடுத்தால் திரும்பி வருவான். காலை எடுக்கவேணும். கணைக்காலில ஒரு அடி. ஆறு மாசம் வாடியில கிடந்து கயிறு திரிக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அண்ணை எழுந்து முழங்காலில் நின்றார்.

"நான் செய்யிறன். போன ஆட்டத்தில என்னைக் காணுற நேரமெல்லாம் பல்லைக் காட்டினவன், சம்மாட்டியார். கோல் அடிச்சுப்போட்டும் என்னைப் பாத்துத்தான் சிரிச்சவன். என்ன நக்கல்! அந்தச் சிரிப்புக்கு நான் குடுக்கிறன்."

அவர் நக்கலுக்குச் சிரிக்கவில்லை. மச்சானைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். எங்கள் அண்ணைக்கும் விஷயம் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

சட்டம்பியார் மறுப்பார் என்று காத்திருந்தேன். பொய் சொன்னதற்கே பிரம்பு எடுக்கிற மனிதர். "மத்தியஸ்தர் கண்டால் இவனை வெளியில போடுவாரே" என்றார்.

"பட்டணத்துக் கண்ணாடிக்காரன். சோளகத்துக்கு அந்த மூலை ஒரே புழுதி. காணான்."

"காணாட்டில் சரிதான்."

இனி ஐயா ஒருவர்தான். கொட்டைப்பாக்கையே பார்த்தபடி இருந்தார். "என்ன, நீர் ஒண்டும் பறையேல்லை?" என்று சம்மாட்டியார் கேட்டார். வாய் திறந்தால் மகளைக் கொடுத்த இடத்துக்கு ஆட்டத்தையும் கொடுக்கிறான் என்று ஊர் சொல்லும். அது எனக்கும் விளங்கியது. ஆனாலும் சொல்லுவார் என்று நம்பினேன்.

ஐயா வெளியே பனைகளைப் பார்த்தார். "காத்துப் பலமாத்தான் வரும்போல கிடக்கு" என்றார்.

அவ்வளவுதான். சம்மாட்டியார் நடுவில் கிடந்த கொட்டைப்பாக்கை எடுத்து மணலைத் துடைத்து, பாக்குவெட்டியில் வைத்து இரண்டாக நறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் போனபின் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஐயாவிடம் ஓடினார். "அவன் வலு கெட்டிக்காரன், தப்பிவிடுவான்" என்று சொன்னாராம் ஐயா. அம்மா திரும்பி வந்து சுரூபத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொட்டுச் செய்த சத்தியம். நான் அண்ணையிடம் போனேன். காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை?"

என் கலியாணத்தை நானே என் அண்ணைக்கு எப்படிச் சொல்லுவது? "ஒண்டுமில்லை" என்று வந்துவிட்டேன்.

விடிந்ததும் பூசைக்கு முன் சுவாமியார் இருக்கிற அறைவீட்டுக்குப் போனேன். தனியாக நான் அங்கே போனது அதுதான் முதல் தரம். சுவாமியார் வாசலில் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

"சுவாமி, எங்கட ஓலையை இண்டைக்கே வாசியுங்கோ."

அவர் கையில் செம்போடு அப்படியே நின்றார். ஒரு பெண்பிள்ளை வந்து இப்படிக் கேட்டதை அவர் அதுவரை கண்டிருக்கமாட்டார்.

"என்ன அவ்வளவு அவசரம்? ஏதும் நடந்துபோச்சோ, பிள்ளை?"

அவர் எதைக் கேட்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. "இல்லைச் சுவாமி, இண்டைக்குப் பின்னேரந்தான் நடக்கப்போகுது" என்றேன்.

"ஆருக்கு?"

"அவற்ற காலுக்கு."

பிறகு முழுவதையும் சொன்னேன். நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "நீர் போம். உம்மட வாயால ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்றார்.

பிரசங்கம் முடிந்து அவர் கடுதாசியை விரித்தார். மண்டைதீவு என்ற சொல் வந்ததும் ஆண்கள் பக்கம் நிமிர்ந்தது. அடுத்தது எங்கள் ஐயாவின் பெயர். அண்ணையின் பிடரி மெல்லத் திரும்பி ஐயாவைப் பார்த்தது. ஐயா கூரையைப் பார்த்தார். சம்மாட்டியார் முழந்தாளில் இருந்தவர் குதிக்காலில் குந்திவிட்டார்.

கோயில் வாசலில் சம்மாட்டியார் ஐயாவை மறித்தார். "வள்ளம் விலைப்பட்டுப்போச்சுதோ?" என்று கேட்டார். ஐயா சால்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணை மத்தியானம் சாப்பிடவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவருடையதைப் பார்க்கவில்லை.

பின்னேரம் ஆட்டம் தொடங்கியது. சம்மாட்டியார் சொன்னபடி முதல் பாதி எதிர்க்காற்று. பெடியளும் சொன்னபடி நின்றார்கள், கடற்பக்கம் திறந்து கிடந்தது. மதிலில் என் பத்து விரலும் ஒட்டியிருந்தன. மண்டைதீவில் அவர்களுடைய சுவாமியார் இன்னும் ஓலை வாசிக்கவில்லை. இங்கே வாசித்ததோ, காலுக்கு வைத்த பொறியோ என் மாப்பிள்ளைக்குத் தெரியாது. திறந்த வழியால் பந்தை உருட்டிக்கொண்டு நேரே அந்த மூலைக்குள் வந்தார். அண்ணையைக் கண்டு சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

அண்ணை புறப்பட்ட வேகத்தைப் பார்த்து நான் கண்ணை மூடப்போனேன். மூடவில்லை. தூக்கிய காலை அண்ணை அந்தரத்தில் இழுத்தார். அடிப்பதற்கென்று ஓடி வந்த உடம்பு நிற்கவில்லை. இழுத்த கால் பார்க்கல்லில் விழுந்து மடங்கியது. பச்சைப் பனைமட்டை முறிகிற சத்தம் மதில்வரைக்கும் கேட்டது.

அவர் அண்ணையைத் தாண்டிப் பாய்ந்தார். பாய்ந்து, பந்தை அடித்துக் கோலாக்கினார். அதற்குப் பிறகுதான் திரும்பி ஓடி வந்து அண்ணையைத் தோளில் தூக்கினார்.

நான் மதிலுக்குப் பின்னால் குந்திவிட்டேன். ஒரு காலைக் காப்பாற்றப் போய் இன்னொரு காலை முறித்துவிட்டேன். அந்த ஒரு கோலோடு கேடயம் மண்டைதீவுக்குப் போனது. முறிவுப் பரியாரியார் பத்துப் போட்டுக் கட்டினார், ஆனால் எலும்பு நேரே பொருந்தவில்லை. என் கலியாணத்துக்கு அண்ணை பொல்லோடு வந்தார். அந்தப் பொல்லைப் பிறகு அவர் கீழே வைக்கவே இல்லை.

கலியாணமாகி வெகுநாள் சென்று, "முதல் அவரைத் தூக்காமல் ஏன் கோலை அடிச்சனீங்கள்?" என்று என் மனுசனிடம் கேட்டேன். "பந்து காலில கிடந்தது. வேற என்ன செய்யிறது?" என்றார். அதைக் கேட்டுத் திகைத்துத்தான் போனேன்.

ஓலையை முந்தி வாசிக்கச் சொன்னது யார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயா அம்மாவை நினைத்தார். அம்மா, சுவாமியார் சொன்ன நாளை மறந்துபோனார் என்று நினைத்தார். அண்ணை ஐயாதான் என்றிருந்தார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அண்ணை படலையைத் திறந்து, கால் இழுத்து, பொல்லூன்றி வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழும்பித் தேத்தண்ணிக்கு வைக்கப் போய்விடுவேன்.

ஐயா செத்து, எங்கள் பிள்ளைகளும் வளர்ந்தபின், ஒரு மாரிகாலம். அண்ணை என் வீட்டுக் கதிரையில் இருந்து குளிருக்குக் கணைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தேன்.

"கிழவன் ஒரு கிழமை பொறுத்திருந்தால், பிள்ளை..." என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கால் என்று சொல்லப்போகிறார்.

"கேடயம் எங்கட."

நிமிர்ந்து பார்த்தேன். பகிடியில்லை. கண் கலங்கியிருந்தது. இவ்வளவு வருடமும் நான் காலுக்கு அழுதேன், அவர் கேடயத்துக்கு அழுதிருக்கிறார். அந்தத் திகைப்பில் என் வாய் திறந்துவிட்டது.

"அது ஐயா இல்லை, அண்ணை. நான்தான் போய்ச் சுவாமியாரிட்டைச் சொன்னனான்."

அண்ணை என்னைப் பார்த்தார். பாதி குடித்த கோப்பையை நிலத்தில் வைத்தார். பொல்லை எடுத்துக்கொண்டு எழும்பி மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

மார்கழியில் நத்தாருக்கு அவர் வரவில்லை. என் கடைசி மகளின் முதல் நன்மைப் பூசைக்கும் வரவில்லை. முறிந்த காலுக்காக என்னை ஒரு வார்த்தை ஏசாத மனிதர், கேடயத்துக்காக நாலு மாதம் என் படலை மிதிக்கவில்லை. உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து நேரே வந்தார். கதிரையில் இருந்து, பொல்லைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டார்.

"அண்டைக்குப் பிற்பாதி காத்து எங்கட பக்கந்தான் உரத்தது. கண்டனியோ?"

"ஓம் அண்ணை" என்றேன். தேத்தண்ணிக்கு வைக்கப் போனேன்.