முகம் பார்க்காத பேச்சு

முதல் மூன்று வகுப்புகளிலும் ஜெஸ்னா டீச்சர் பார்த்தது ஞானஜோதியின் வலது காதையும் அதில் தொங்கிய கம்மலையும்தான். வீடியோ கால் என்று எத்தனை முறை சொன்னாலும் ஞானஜோதி போனைக் காதில்தான் வைத்துக்கொள்வாள். பேச்சு காதுக்கு வருவது, அதற்கு முகம் எதற்கு என்பது அவள் கட்சி. கட்டப்பனையில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காதைப் பார்த்தே "மூச்சை உள்ள இழுங்க சேச்சி, நாலு எண்ணுங்க, மெதுவா விடுங்க, ஆறு எண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் ஜெஸ்னா. பாவம், முப்பது வயதுகூட ஆகாத மலையாளத்துப் பிள்ளை. மூச்சுப் பயிற்சி தந்து மனதில் உள்ளதைப் பேசவைக்கிற வேலை. படித்தவர்கள் லைஃப் கோச் என்பார்கள். ஞானஜோதிக்கு அவள் டீச்சர், அவ்வளவுதான்.

ஏற்பாடு பெங்களூரில் இருக்கும் மகள் ஜிஸ்மியுடையது. நான்கு வருடங்களாக அம்மாவுக்கு மூச்சு நெஞ்சோடு நின்றுவிடுகிறது, வயிற்றுக்கு இறங்குவதில்லை. ஈசிஜி எடுத்தாயிற்று, எக்ஸ்ரே எடுத்தாயிற்று. இதயத்தில் குறையில்லை, நுரையீரலில் குறையில்லை. பிறகு குறை எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அப்படியானால் மனதில்தான் என்று ஜிஸ்மி முடிவு கட்டிவிட்டாள்.

அவள் நினைத்ததில் தப்பில்லை. மனதில் ஒன்று இருக்கத்தான் செய்தது. போன வருடம் ஒரு நாள் சாயங்காலம், முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டே கணவர் மிக்கேல்ராஜ் சொன்னார்: "நாம கீழ கம்பத்துக்குப் போயிருவோம் ஜோதி. வீட்டையும் செடியையும் குடுத்துருவோம்." ஞானஜோதி அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். மலையடிவாரத்தில், கம்பத்தில் வீடு பார்த்தாயிற்று. இங்கே மலைமேல் வண்டன்மேட்டில் வீட்டையும், பின்னால் உள்ள முப்பது சொச்சம் ஏலச்செடியையும் வாங்குகிறவர் திங்கட்கிழமை பத்திரத்தோடு வருகிறார். ஞானஜோதிக்குப் போக விருப்பமில்லை. துளிகூட இல்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

மிக்கேல்ராஜ் கெட்ட மனிதர் இல்லை. எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்தடித்து ஓய்ந்தவர், வீட்டில் குரல் உயர்த்தியதே கிடையாது. கைநீட்டியதும் இல்லை. ஆனாலும் அவர் முகத்துக்கு நேரே நின்றால் ஞானஜோதிக்கு 'சரிங்க' தவிர வேறொன்றும் வாயில் வராது. முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான். அவருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. கேட்டால் சரி என்கிறவளிடம் எந்த ஆண்பிள்ளைதான் மறுபடி கேட்பான்?

நான்காவது வகுப்பில் முகம் தெரிந்தே ஆகவேண்டும் என்று ஜெஸ்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஞானஜோதி போனை டீத்தூள் டப்பாவில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்தாள். நாலு எண்ணி இழுத்தாள், ஆறு எண்ணி விட்டாள். அதெல்லாம் ஒழுங்காகச் செய்தாள்.

"இப்ப கண்ணைத் திறந்து என்னைப் பாருங்க. மனசுல என்ன வருதோ சொல்லுங்க சேச்சி."

"ஒண்ணும் இல்ல டீச்சரு. நல்லா இருக்கேன்."

"சும்மா வாயில வர்றதச் சொல்லுங்க."

"மழ பெய்யிது."

ஜெஸ்னாவுக்கு அலுத்துவிட்டது. அலுப்பில் கேட்டதுதான் நல்ல கேள்வியாக அமைந்தது. "சேச்சி, உங்க ஆயுசுல எப்பவாச்சும் மனசு விட்டுப் பேசினதுண்டா? எங்க வச்சு? யார்கிட்ட?"

ஞானஜோதி யோசித்தாள். "செடிக்குள்ள" என்றாள். பிறகு வகுப்பு நேரம் முடிந்ததே இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. செடி ஆளைவிட உயரம், காய் காய்ப்பதோ மண்ணை ஒட்டி. ஆளுக்கொரு செடித்தூரில் குத்தவைத்துக் குனிந்தால் சேலைத் தலைப்புகூடத் தெரியாது. அதனால்தான் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். யாருடைய சத்தமாவது நின்றுபோனால் பாம்போ மயக்கமோ என்று மற்றவர்களுக்குப் பதற்றம் வந்துவிடும். "ஜோதி, இருக்கியா?" என்று குரல் வரும். "இருக்கேன்" என்று பதில் போகும். அப்படி இருபத்தெட்டு வருடம். ஊர்க்கதை எல்லாம் காலையிலேயே தீர்ந்துவிடும், பத்து மணிக்கு மேல் பேச மிச்சமிருப்பது மனதில் கிடப்பது மட்டும்தான்.

கூடக் காய் எடுத்த சந்தனமேரி தன் இரண்டு கர்ப்பம் கலைந்த கதையைச் செடிக்குள்தான் சொன்னாள். சர்ச்சில் சாமியாரிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. இன்னொருத்தி மாமியாரை வெளுத்து வாங்கினாள். நாலு தூர் தள்ளி அந்த மாமியாரே காய் எடுத்துக்கொண்டிருந்தாள், இருவருக்குமே அது தெரியும். யாரும் யாரையும் இடைமறிப்பதில்லை. டீ குடிக்க வெளியே வந்தால் அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டார்கள். "அந்த ஊறுகாய இங்கிட்டுத் தள்ளு" என்பதோடு சரி. யாரும் எழுதிவைக்காத சட்டம், யாரும் மீறவும் இல்லை.

முழங்கால் தேய்ந்து ஞானஜோதி வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. சந்தனமேரி மகனோடு திருப்பூர் போய்விட்டாள். மற்றவர்கள் மூலைக்கொருவராய்ப் போனார்கள். இப்போது தேனிப் பக்கமிருந்து ஜீப்பில் வந்திறங்கும் பிள்ளைகள் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு காய் எடுக்கிறார்கள்.

"கூலிக் காசு போனதுகூடப் பெருசில்ல டீச்சரு. இருக்கியானு கேக்க ஆளில்ல" என்றாள் ஞானஜோதி. சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கோர்ஸில் சொல்லித்தந்தது எதுவும் அப்போது ஜெஸ்னாவுக்கு உதவவில்லை போலிருக்கிறது. பிறகு, "கேமராவ ஆஃப் பண்ணிட்டு, போனைப் பையில போட்டுட்டுச் செடிக்குள்ள போங்க சேச்சி" என்றாள்.

ஞானஜோதி குடையை மடக்கிவிட்டுக் கொல்லைச் செடிக்குள் போய்க் குத்தவைத்தாள். முழங்கால் வலித்தது. இலை ஈரமும் ஏலவாசனையும் முகத்தில் அடித்தன. யாரும் எண்ணச் சொல்லாமலே மூச்சு நெஞ்சைத் தாண்டி வயிறுவரை இறங்கியது. நான்கு வருடத்தில் முதல் தடவை. அழுகையாக வந்தது.

"எனக்கு இங்கிருந்து போக இஷ்டமில்ல டீச்சரு."

பையிலிருந்து ஜெஸ்னாவின் குரல் வந்தது. "இத நான் கேட்டு என்ன பிரயோஜனம்? கேக்கவேண்டிய ஆள் கேக்கணும்."

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை முழுவதும் ஞானஜோதி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். சாப்பாடு போடும்போது சொல்லிவிடலாம் என்று போவாள். அவர் நிமிர்ந்து பார்ப்பார். "ரசம் ஊத்தவா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள். ஞாயிறு பூசைக்குப் போய்வந்த பிறகும் அதே கதைதான். விடிந்தால் திங்கள். அந்த ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பின்னாடி செடியில அழுகல் விழுந்தாப்ல இருக்கு, ஒரு எட்டுப் பாருங்க" என்றாள். பச்சைப் பொய். மருந்தடித்தவருக்கு அழுகல் என்றால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஞானஜோதி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாக நுழைந்தாள். நடுவில் ஐந்தாறு தூர்.

"அழுகல் ஒண்ணையும் காணமே?" என்றார் மிக்கேல்ராஜ்.

"அங்கனயே நில்லுங்க. இங்கிட்டு வராதீங்க."

"என்ன ஜோதி?"

நாலு எண்ண நினைத்தாள், எண்ணிக்கை மறந்துபோனது. "நான் கம்பத்துக்கு வரல. எனக்கு இஷ்டமில்ல. அன்னைக்கே இஷ்டமில்ல. சரின்னு சொன்னது பொய்யி."

இலைகளில் மழைத்தண்ணீர் சொட்டியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபப்பட்டிருப்பாரோ, வெளியே போய்விட்டாரோ என்று நினைத்தாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்." இலைகளுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "ஆஸ்பத்திரியில நீ மருந்து வாங்கப் போனப்ப, இந்த மஞ்சும் குளிரும் அவங்களுக்கு ஒத்துக்கலையோ என்னமோனு டாக்டரு எங்கிட்டச் சொன்னாரு. நீ மூச்சுக்குத் தவிக்கிறதப் பாத்துக்கிட்டு நான் எப்பிடி இங்க இருக்க? உன்னைய எறக்கிக் கொண்டுபோயிட்டாப் பொழைச்சுக்குவனு நெனச்சேன். எனக்கு மட்டும் அங்க யாரு இருக்கா? கீழ போனா நான் என்னத்தப் பண்ணுவேன், அந்த வெயில்ல?"

"எம் மூச்சு குளிரால நிக்கல, முந்தாநா இந்தச் செடிக்குள்ள தானா எறங்குச்சு. இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீதான் உடனே சரின்னுட்டியே. அவளுக்குப் போக ஆசபோலனு நெனச்சுக்கிட்டேன்."

ஞானஜோதிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் வேண்டாத ஊருக்கு மூட்டை கட்டியிருக்கிறார்கள். கேட்டால் யார் நம்புவார்கள்?

மிக்கேல்ராஜ் மூக்கைச் சிந்துவது கேட்டது. "நாளைக்கு வரவேணாம்னு அந்தாளுக்குப் போன் பண்ணிச் சொல்லிர்றேன். கோவிப்பாரு. கோவிக்கட்டும்."

"ம்."

"அப்ப நான் வெளிய வரட்டா? காலு பூராம் அட்டை ஏறிக்கிட்டு வருது."

ஞானஜோதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தரை என்றும் பாராமல் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள்.

"கடிச்சாக் கடிக்கட்டும். நில்லுங்க, இன்னும் இருக்கு" என்றாள். "முப்பத்திரண்டு வருசத்துது."