குழாயில் சிக்கியிருந்த ரவை

தஞ்சம் புகுந்த நாட்டில், ட்ருகனினா என்ற புறநகரில், துவக்கு, அதாவது துப்பாக்கி, இறக்குமதி செய்யும் நிறுவனமொன்றின் கிடங்கில் விமலாதேவிக்கு வேலை. பழுதென்று திரும்பி வரும் துவக்குகளைச் சோதித்துப் பதிய வேண்டும். அவள் சேர்ந்தபோது கணவர் சிறிதரன் இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை.

"துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து அதைத் துடைக்கப் போறீரோ?"

"பயமிருக்கிற ஆள்தான் கவனமாப் பாக்கும்," என்றாள். அது ஆறு வருடத்துக்கு முன்.

சென்ற வருடம் ஒரு பழைய லிவர் துவக்கு புது வடிவில் வந்து நன்றாக விற்றது. விசையைச் சுற்றியுள்ள வளையம்தான் லிவர்; அதைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த ரவை, அதாவது தோட்டா, குழலுக்குள் ஏறும். அந்தப் பொறி நூறு வருடத்துக்கு மேல் பழையது. கறுப்புப் பிடி புதிது. ரவைகள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் வரிசையாகக் கிடக்கும். குழாய் வெறுமையானால் ஒரு சிவப்பு முனை வெளியே தெரியும். அதுவும் புதிது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிவர் இறுகுகிறதென்று ஒன்று திரும்பி வந்தது. அவள் சோதிக்க முதலே விற்பனை மேலாளர் கபிலன் அதை எடுத்துவிட்டான். பலராற் நகரிலிருந்து வந்த துவக்குக் கடைக்காரர் ஒருவர் எதிரே கதிரையில் இருந்தார். கபிலன் லிவரை மூன்று தரம் அடித்துக் காட்டினான். குழாயின் சிவப்பு முனை வெளியே தெரியவில்லை. துவக்கின் வாய் கடைக்காரரின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"கபிலன், அதைக் கீழ வையும்."

"ரிலாக்ஸ் அன்ரி. எம்ப்டி. நான் செக் பண்ணிட்டன்."

"விசையில இருந்து விரலை எடும். இப்ப எடும்!"

அவள் சத்தம் போட்டு அங்கே எவரும் கேட்டதில்லை. கபிலனின் விரல் விலகியது. அவள் கிட்டப் போய்க் குழலைப் பிடித்து நிலத்துக்குத் திருப்பி, துவக்கை வாங்கினாள். மூலையிலிருந்த மணல் வாளிக்குள் வாயை வைத்து, லிவரைத் திறந்து, குழாயை உள்ளங்கையால் தட்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் தட்டினாள். ரவையொன்று வழுக்கி வந்து நின்றது. இன்னொரு முறை லிவரை அடித்திருந்தால் அது குழலுக்குள் ஏறியிருக்கக்கூடும்.

கடைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அன்ரி, இதை ரிப்போர்ட்டில போட வேண்டாமே... என்ர வேலை போயிடும்."

அவள் ரிப்போர்ட் தாளை எடுத்தாள். பேனையை இறுக்கிப் பிடித்து, நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

கபிலனுக்கு வேலை போகவில்லை. துவக்குத் தொடும் உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது. அந்த மூன்று மாதமும் அவன் அவளோடு பேசவில்லை. உரிமம் திரும்பிக் கிடைத்த அன்று, ஒரு துவக்கை வாய் நிலம் பார்க்க நீட்டினான்.

"பாத்துச் சொல்லுங்கோ அன்ரி."