முன்னூற்றுப் பதினெட்டு செகண்ட்

எங்கள் ஃபேக்டரி லைனில் ஒரு பீஸுக்கு நாற்பத்தைந்து செகண்ட். நாற்பத்தேழு ஆனால் சூப்பர்வைசர் கத்துவார். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் செகண்ட் கணக்கு எனக்கு அத்துப்படி.

சென்னையில் பத்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம். ஐம்பத்து மூன்று நிமிடத்தில் ஓடிக் காட்டுகிறவனைக் கம்பெனி அனுப்பும். என்னைப் போன்ற காண்ட்ராக்ட் ஆளும் வரலாம் என்று முதல் தடவையாகச் சொன்னார்கள். அதற்காக ஆறு மாதம் ஓடினேன். பிள்ளைப்பாக்கம் ரூமிலிருந்து ஷிஃப்டுக்குப் பஸ் ஏறவில்லை. ஓடியே போனேன்.

தேர்வு ஒரு ஞாயிறு காலை, ஒரகடம் ரோட்டில். சூப்பர்வைசரே வாட்ச் கட்டிக்கொண்டு முன்னால் ஓடுவதாக ஏற்பாடு. போனில் 5.30 என்று தட்டி, பத்தால் பெருக்கிக் காட்டினார்.

"கிலோமீட்டருக்கு அஞ்சு நிமிஷம் முப்பது செகண்ட். பத்துக்கு அம்பத்திமூணு. எவனும் என்னைத் தாண்டாதீங்க. மூச்சு வாங்கி வுழுந்துடுவீங்க."

"சார், அது அம்பத்தஞ்சு வரும் சார். நிமிஷத்துக்கு அறுபது செகண்ட் இல்ல? அஞ்சு பதினெட்டுல, முன்னூத்திப் பதினெட்டு செகண்டுல போனாத்தான் அம்பத்திமூணு."

"இன்னாடா, எட்டாங்கிளாஸு போனுக்கே கணக்கு சொல்லுது!"

எல்லாரும் சிரித்தார்கள். கிளம்பினோம்.

நாலாவது கிலோமீட்டரில், என் லைனில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரன் பக்கத்தில் வந்தான்.

"ஏல, நீ சொன்னதுதாம்ல சரி. வா, முந்திப் போயிருவோம்."

"வேணான்டா. நாளைக்கு லைன்ல அவரு மூஞ்சிலதான முழிக்கணும்."

"அப்பம் நீ முழி. நான் போறேன்."

போய்விட்டான். என் காலில் பலம் இருந்தது. ஆனாலும் சூப்பர்வைசர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

முடிந்தபோது வாட்சில் ஐம்பத்தைந்து. ஒரு செகண்ட் கூடக் குறையவில்லை. அவர் அதைத் தட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"உங்களால முடியல. வுடுங்க."

முடியலயாம். எனக்கு மூச்சு கூட வாங்கவில்லை. திருநெல்வேலிக்காரன் பேர் மட்டும் லிஸ்ட்டில் ஏறியது.

மறுநாள் லைனில் என் பின்னால் நின்று கத்தினார். "ரெண்டு செகண்ட் லேட்டு! தூங்கினுகீறியா?"

ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தேன். "இல்ல சார்" என்றேன்.

இப்போதும் ஓடித்தான் வேலைக்குப் போகிறேன். முன்னூற்றுப் பதினெட்டு எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கிலோமீட்டர் கல் வந்துவிடுகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் வயிறு எரிகிறது.