மன்மதன் செத்த செய்தி

இராசமணியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. பதுளையில் என்னோடு பள்ளிக்கூட ஆசிரியை. மிச்ச நேரமெல்லாம் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ஊவா மாகாண நிருபர். 1957இல் அந்த வேலையைக் கொடுக்கும்போதே, "ஒரு பிழைச் செய்தி வந்தாலும் ஆம்பிளை ஒருவரைப் போட்டுவிடுவேன்" என்றாராம் பத்திரிகை ஆசிரியர். ஆம்பிளைகள் பிழையே விடுவதில்லையாக்கும்!

மாசி மாதத்துச் சனிக்கிழமை விடியற்காலை. மேல் தேயிலைத் தோட்டத்தில் நெருப்பு எரிந்ததாக பஸ் டிரைவர் சொன்னார். தொழிலாளர் குடியிருக்கும் லயம் பற்றிவிட்டதோ என்று பதறி, என்னையும் இழுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாள் இராசமணி. தோட்டத்தை நெருங்கும்போதே ஒப்பாரிச் சத்தம். லயத்துக்கு முன்னால் சாம்பல். பக்கத்தில் சேலை கட்டிய ஓர் உருவம், முகமெல்லாம் தலைமயிர் விழ, புரண்டு புரண்டு அழுதது.

"ஐயோ, தாலியறுத்தவள் போல கிடக்கு. உடனே தந்தி குடுப்பம், வாரும்" என்றேன்.

"பேர் தெரியாமல் சாவுச் செய்தி அனுப்பமாட்டன்."

கூட்டத்தில் நின்ற பெரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய், "செத்தவரின்ரை பேர் என்ன, அம்மா?" என்று கேட்டாள்.

"மன்மதனுங்க, டீச்சர்."

"தகப்பன்?"

"பெருமாளுங்க."

எழுதிக்கொண்டாள். "எப்பிடிச் செத்தவர்?"

"எரிச்சிட்டாருங்க."

இராசமணியின் முகம் வெளுத்தது. கொலை! "ஆர்?"

"சிவபெருமாந்தாங்க. நெத்திக்கண்ணத் தொறந்து..."

அந்நேரம் சேலைக்காரி எழுந்து, தலைமயிரைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டைக் குரலில், "அக்கா, பீடி இருக்கா?" என்றாள். ரதி வேஷம் போட்ட அழகையா!

தோட்டத்து ஆட்கள் மாசியில் ஆடும் காமன் கூத்தாம். யாழ்ப்பாணத்தில் பிறந்த நாங்கள் அதை எங்கே கண்டோம்?

இராசமணி அப்படியே தரையில் குந்திவிட்டாள். "முருகா! ஒருத்தரும் சாகேல்லை, ஒருத்தரும் சாகேல்லை" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

"அழுவாதீங்க டீச்சர்" என்றாள் பெரியாயி. "மூணாம் நாளு எந்திரிச்சிருவாரு. வந்து பாருங்க."

பிழைச் செய்தி போகாமல் வேலை தப்பியது பஸ்ஸில் திரும்பும்போதுதான் இராசமணிக்கு நினைவு வந்தது.

மூன்றாம் நாள் போனோம். எழுந்துவிட்டார்.

அடுத்த கிழமை பத்திரிகையில் வந்தது, தகப்பன் பெயர் உட்பட: "பெருமாள் மகன் மன்மதன் உயிர்பெற்றார்." ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. 1962இல் பதுளையை விட்டுப் போகும்வரை அவள்தான் ஊவா நிருபர்.