பல்லக்காவின் லெட் பென்சில்

பல்லக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் பென்சிலின் தலையில் தட்டுவார். டிக், டிக். வெளியே எட்டிப் பார்த்த லெட்டைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து, கொஞ்சம் உள்ளே தள்ளுவார். அப்புறம்தான் மேசை விளக்கைப் போடுவார். நான் சொல்வது முழுக்க முழுக்க உண்மை. அந்த டிக் சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டட லிஃப்ட் நின்றுவிடும் என்பது மட்டும் நானாகச் சேர்த்தது. இப்படி அங்கங்கே சேர்ப்பேன். கண்டுகொள்ளாதீர்கள்.

எங்களுடையது செயற்கைப்பல் செய்கிற பட்டறை. பல் டாக்டர்கள் எடுத்துவைக்கும் அச்சுகளை வண்டியில் போய் வாங்கிவருவது என் வேலை. படிப்பு ஏறாத என்னை நம்பி ஊரே தன் வாயைக் கொடுத்திருக்கிறது. ஒரு நாளைக்கு நான் சுமக்கிற பற்களை வைத்து ஒரு கரும்புத் தோட்டத்தையே மென்று துப்பலாம்.

அச்சில் பிளாஸ்டரை ஊற்றினால் வாய் அப்படியே வெள்ளையாக வந்து நிற்கும். டாக்டர் தேய்த்துவிட்ட பல் மட்டும் குட்டை முளை மாதிரி இருக்கும். புதுப்பல் எதுவரை இறங்க வேண்டும் என்று அந்த முளையைச் சுற்றிக் கோடு போடுவதுதான் பல்லக்காவின் வேலை. "கோடு தடிச்சா பல்லு தூக்கும். பல்லு தூக்குனா சோறு எறங்காது. சோறு எறங்கலன்னா என்னத்தான் திட்டுவாங்க. ஊர் வாயில விழணும்னு எனக்கென்னடா தலையெழுத்து?" என்பார்.

அந்தப் பென்சிலைப் பார்க்க வேண்டும். இரும்பு உடம்பு, பித்தளை வயிறு. பிடிக்கிற இடத்தில் அரம் போலச் சொரசொரப்பு. கனமெல்லாம் மூக்குப் பக்கம். "நான் அழுத்துறதே இல்லடா. அதுவே குனிஞ்சு போடுது, நான் சும்மா தொணைக்குப் போறேன்." மரப்பென்சில் சீவியதும் ஒல்லியாக இருக்கும், பாதிச் சுற்றிலேயே தொப்பை போட்டுவிடும். இது அப்படியில்லை. தொடங்கிய இடத்தில் எவ்வளவு ஒல்லியோ, முடிக்கிற இடத்திலும் அதே ஒல்லி. "கல்யாணத்தன்னிக்குப் பாத்த மாதிரியே கடைசி வரைக்கும் இருக்கும்" என்று ஒருமுறை புகழ்ந்தார். சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்றிருந்த அவருடைய வீட்டுக்காரர் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதை யாருக்கும் கடன் தர மாட்டார். முகவரி எழுத நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "கீழ போட்டா எது அடிபடும் தெரியுமா? மூக்கு. எப்பவும் மூக்குதான். இந்தா பேனா, ஓடு."

பல்லக்காவின் அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். காலையில் பெட்டிமேல் ஏறிக் கத்தினாரென்றால் பச்சைத் தக்காளி பயந்துபோய்ச் சிவக்கும். ஒரு மழைநாளில் படியில் வழுக்கி விழுந்ததில் முன்பல் பாதியாக உடைந்தது. பேச்சோடு காற்றும் சேர்ந்து வந்தது. "குக்கர் விசிலு வந்துருச்சு, எறக்குங்கப்பா!" என்று வெங்காயக்காரர் கத்த, சந்தையே சிரித்தது. மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பெட்டிமேல் வேறொருவர் ஏறத் தொடங்கினார். வாயைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டில் டிவி பார்த்தார் அப்பா. சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் தலையாட்டல்தான். இப்படியே விட்டால் பெட்டி அந்த ஆளுக்கே போய்விடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய அச்சையும் நான்தான் கொண்டுவந்தேன். பல்லக்கா கோடு போட்டார். ரப்பரால் அழித்தார். போட்டார், அழித்தார்.

"என்னக்கா, அப்பாவுக்குப் பல்லு வரையிறியா, மீசை வரையிறியா?" என்றேன். வழக்கமாக வரும் திட்டு வரவில்லை.

அழித்து அழித்து அந்த ஓரமே மழுங்கிப்போனது. பிளாஸ்டர் ரப்பரைத் தாங்காது. அதற்காகவே புதிதாக வேலைக்கு வருகிறவர்களை வறுத்தெடுப்பவர் அவர்.

பிளாஸ்டர் ஊற்றும் அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஊரான் வாய்க்கெல்லாம் ஒரே கோடு. பெத்த அப்பனுக்கு மட்டும் ஒம்பதா?"

"சும்மா இருண்ணே. இதப் பாத்தா எனக்கு அவரு கொரல்தான் கேக்குது. பல்லு தெரிய மாட்டேங்குது. அழிஞ்சுபோச்சு, இன்னொண்ணு ஊத்திக் குடு."

இரண்டாவது வந்தது. லெட்டை முழுசாக உள்ளே அனுப்பிவிட்டு, பென்சிலின் வெறும் மூக்கால் முளையைச் சுற்றினார். வெள்ளையில் ஒன்றும் விழவில்லை. மறுபடி சுற்றினார். கைக்கு வழி பழகுகிறவரை சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு தட்டு. டிக். ஒரே கோடு. தலைமுடி ஏதோ ஒட்டியிருக்கிறதென்று நினைத்து நான் ஊதிவிட்டேன். "தூரப் போடா, எச்சி தெறிக்குது" என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

பல் பொருத்திய மறுநாள் காலை, அப்பாவை என் வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பல்லக்கா அரைநாள் லீவு போட்டுப் பின்னாலேயே வந்தார். அப்பாவோ பெட்டிப் பக்கம் போகாமல், துண்டும் வாயுமாகக் கோணிமூட்டை ஓரத்தில் ஒதுங்கி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு பேரைக் கூட்டி, பென்சில் கதையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். கோடு எறும்பின் மீசையைவிட ஒல்லி என்றேன்.

"கடசில பாத்தீங்கன்னா, முன்பல்லு ரெண்டுல ஒண்ணு அக்கா பண்ணது. எதுன்னு அந்த எமனே வந்தாலும் சொல்ல முடியாது" என்று முடித்தேன்.

"துண்ட எடுங்கண்ணே, பாப்போம்" என்றார் கீரைக்காரம்மா.

மெதுவாக எடுத்தார்.

"எடது பல்லு! பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றார் கீரைக்காரம்மா.

"ஒனக்குக் கண்ணு கீரைக்கட்டோட போயிருச்சா? வலதுதான்" என்றார் வெங்காயக்காரர். "விசிலு வந்தப்ப நேரா நின்னவன் நான்!"

"நின்னியா? கேலி பண்ணிட்டு இப்ப சாட்சிக்கு வேற வர்றியா!"

"யாரப் பாத்து?"

"ஒன்னத்தான்யா, அழுகல் வெங்காயம்!"

மூட்டைக்காரர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தராசு ஒன்று கவிழ்ந்தது. "பண்ணவளே நிக்கிறா, நீ சொல்லும்மா!" என்று பல்லக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தார்.

"சண்ட போடாம வரிசையா வந்து பாருங்கடா!"

சந்தை மொத்தமும் அப்பா பக்கம் திரும்பியது. அவ்வளவு சத்தத்தில் துளிக் காற்று இல்லை. பெட்டிமேல் நின்றிருந்த ஆள் தானாகவே இறங்கி வழிவிட்டார். அப்பா ஏறினார். பக்கத்தில் இருந்தவரின் போனைப் பிடுங்கி, டார்ச்சைத் தன் வாய்க்குத் தானே அடித்துக்கொண்டு, ஆ என்று திறந்து நின்றார்.